கயலுக்கு ஒரு பதில்

ஷாங்காய்
ஜூன் 8, 2025

அன்புள்ள செந்தில்,

ஏப்ரலில் நீ கேட்டதற்கு ஜூன் மாதத்தில் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. தங்கச்சியும் கயலும் நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று பாண்டி சொன்னான். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

கயல் பயோடெக் படிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். கூடவே, "சீனாக்காரன் காப்பிதானே அடிக்கிறான், அங்கே நீ என்னத்தைப் புதிதாகப் பார்க்கிறாய்" என்று ஒரு குத்தல் வேறு. மெடிக்கல் ஷாப் கல்லாவில் உட்கார்ந்தபடி உலகத்துக்கே தீர்ப்பு சொல்லும் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை, மாப்ளே! ஆனால் எட்டு வருடத்துக்கு முன்பு இங்கே வந்திறங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

எங்கள் மருந்துக் கம்பெனியின் தரப் பிரிவில் ஒரு மூத்த அம்மா இருக்கிறார். லாவ்ஷி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், டீச்சர் என்று அர்த்தம். போன வாரம் பழைய கோப்புகளை அடுக்கும்போது 2015 கோடையைப் பற்றிச் சொன்னார். அந்த வருடம் ஜூலை 22ஆம் தேதி சீன மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஓர் உத்தரவு போட்டது. அனுமதிக்குக் காத்திருந்த விண்ணப்பங்களில் 1,622க்கு அது பொருந்தும். சோதனைத் தரவுகளை நீங்களே சரிபாருங்கள், பொய் இருந்தால் இப்போதே திரும்பப் பெறுங்கள், பிறகு நாங்கள் கண்டுபிடித்தால் விடமாட்டோம் என்று. சுமார் ஒரு வருடத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் காலி. பெரும்பாலும் கம்பெனிகளே வாபஸ் வாங்கின.

லாவ்ஷி அப்போது வேறோர் இடத்தில் வேலை பார்த்தார். ராத்திரி பகலாக அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மெஷின் தாளில் அச்சான நேரத்தையும் பதிவேட்டில் கையால் எழுதிய நேரத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாராம். ஒரு தாளில், நோயாளியிடம் ரத்தம் எடுத்த நேரத்துக்கு முன்பே அந்த ரத்தம் மெஷினில் ஓடி முடிந்திருந்தது. படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன் என்றார்.

எனக்கு உடனே நம் பிராக்டிகல் ஞாபகம் வந்தது. விடையைத் தெரிந்துகொண்டு பியூரெட் ரீடிங்கைப் பின்னோக்கிப் போடுவோமே. பாலு சார் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்வாரே. அன்று சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை, செந்தில்.

இங்கே வந்த வளர்ச்சிக்கு எல்லோரும் பணத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். பணமும் வந்தது. 2018 ஏப்ரலில் ஹாங்காங் பங்குச் சந்தை, இன்னும் ஒரு காசு வருமானம் பார்க்காத பயோடெக் கம்பெனிக்கும் கதவைத் திறந்தது. அமெரிக்காவில் படித்து வேலை பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள். எல்லாம் சரி. 2015இல் அந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளாமல் இருந்திருந்தால் இந்தப் பணமெல்லாம் எதில் போய் விழுந்திருக்கும்?

அடியும் வாங்கினார்கள். 2022 பிப்ரவரியில் சின்டிலிமாப் என்ற புற்றுநோய் மருந்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏவின் நிபுணர் குழு முன்னால் போனது. சீனாவில் மட்டும் சோதித்தது எங்கள் நோயாளிகளுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்கள். மேலும் சோதனை வேண்டும் என்று 14 பேர் சொல்ல, ஒருவர்தான் மறுத்தார். அதே மருந்து இங்கே 2019இலேயே விலையில் சுமார் 64 விழுக்காடு குறைத்துக்கொண்டு அரசுக் காப்பீட்டுப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. விலையைக் கேட்டதும் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கும் உனக்கு அதன் அருமை தெரியும்.

அப்புறம் போன செப்டம்பர். ஜோங்ஷான் ஊரில் இருக்கும் அகேசோ கம்பெனியின் ஐவோனெஸ்சிமாப் மருந்தை, நுரையீரல் புற்றுநோயில் அமெரிக்க மெர்க் கம்பெனியின் பிரபல மருந்தான கீட்ரூடாவுடன் நேருக்கு நேர் மோதவிட்ட முடிவு சான் டியாகோ மாநாட்டில் வெளியானது. 398 நோயாளிகள். பாதி நோயாளிகளுக்காவது நோய் முற்றாமல் கழிந்த காலம் கீட்ரூடாவில் 5.82 மாதம், இதில் 11.14 மாதம். கேன்டீனில் ஒரே போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று அந்த வரைபடத்தைப் பார்த்தோம். இரண்டு கோடுகளும் தொடக்கத்திலேயே பிரிந்து போகின்றன. பையன்கள் கைதட்டினார்கள். லாவ்ஷி மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மூலத் தரவை யார் சரிபார்த்தது?" என்று கேட்டார். இதுவும் சீனாவுக்குள் மட்டும் நடந்த சோதனைதான். வெளிநாட்டு நோயாளிகளிடமும் இந்த மருந்து நிற்க வேண்டும், அந்தக் கவலை எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனாலும் காப்பி அடிக்கிறவர்கள் என்று இனி நீ சொல்லக் கூடாது. சென்ற மாதம் ஷென்யாங் கம்பெனி ஒன்றின் இதே வகை மருந்துக்கு ஃபைசர் 125 கோடி டாலரை முன்பணமாகவே தர ஒப்புக்கொண்டிருக்கிறது.

சரி, கயல். தாராளமாகப் படிக்கட்டும். புள்ளியியலை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். கல்லூரியின் பெயரையும் கட்டடத்தையும் பார்த்து ஏமாந்துவிடாதே. நேரில் போய் லேப் ரெக்கார்டு நோட்டு ஒன்றை வாங்கிப் புரட்டு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ரீடிங் இருந்தால் வேறு கல்லூரி பார்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அவளை என்னிடம் பேசச் சொல். இங்கே பத்தரை ஆகியிருக்கும், விழித்திருப்பேன். பாலு சாரின் நம்பர் உன்னிடம் இருந்தால் அனுப்பு. அவரிடமும் பேச வேண்டும்.

அன்புடன்,
ரவி