கடவுச்சொல் கேட்காத நிறுவல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் டெஸ்க்டாப்பை (திரைச்சூழலை) விருப்பம்போல் அழகுபடுத்திக்கொள்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டற்ற மென்பொருளைப் பொதுவாசகருக்கு எடுத்துச் சொல்லும் எழுத்து நம் நாளிதழ்களில் அரிதாகவே வருகிறது. அதற்கு என் நன்றி. ஆனால், மற்றவர்கள் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் தீம்களையும் (திரைத் தோற்றத்தை மாற்றும் பொதிகள்) விட்ஜெட்டுகளையும் (கடிகாரம் போன்ற சிறு திரைக்கருவிகள்) நிறுவும்போது கணினி கடவுச்சொல்கூடக் கேட்பதில்லை என்பதால் அச்சமின்றி முயன்று பார்க்கலாம் என்று கட்டுரையாளர் கூறியிருப்பதை ஏற்க இயலவில்லை.

லினக்ஸின் திரைச்சூழல்களுள் ஒன்றான கே.டி.இ. பிளாஸ்மாவில் 2024 மார்ச் மாதம் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். அதற்கு முந்தைய மாதக் கடைசியில்தான் அதன் புதிய பதிப்பான பிளாஸ்மா 6 வெளிவந்திருந்தது. பயனர் ஒருவர் கே.டி.இ.யின் ஸ்டோரிலிருந்து முழுத் தோற்றத்தையும் மாற்றும் 'குளோபல் தீம்' ஒன்றை நிறுவினார். அவருடைய சொந்தக் கோப்புகள் அழிந்துபோயின. அந்தத் தீம் வண்ணங்களையும் படவுருக்களையும் மட்டும் கொண்டுவரவில்லை. கோப்புகளை அழிக்கும் கட்டளை ஒன்றை இயக்கும் நிரலும் அதோடு வந்திருந்தது. எழுதியவருக்குத் தீய நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை, கவனக்குறைவாக எழுதப்பட்ட நிரல் என்றே கே.டி.இ. தரப்பினர் விளக்கினர். தீம் என்ற சொல்லைக் கேட்பவர் சுவருக்கு வண்ணம் பூசுவதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் முன்பின் அறியாத ஒருவரின் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிறார்.

கடவுச்சொல் ஏன் கேட்கப்படுவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். இத்தகைய பாகங்கள் கணினியின் பொதுவான கோப்புறைகளில் அல்லாமல், பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே, பெரும்பாலும் கண்ணில் படாமல் மறைந்திருக்கும் ஓர் உட்கோப்புறையில், பதிந்துகொள்கின்றன. கடவுச்சொல் காப்பது இயங்குதளத்தை. அது பழுதானால் ஒரு மாலைப்பொழுதில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். குடும்பப் புகைப்படங்களும் வரவு செலவுக் கணக்கும் பாதி எழுதிய ஆய்வேடும் இருப்பது அந்தச் சொந்தக் கோப்புறையில்தான். அங்கே நாம் அழிக்கக்கூடிய எதையும் நாம் நிறுவிய நிரலும் அழிக்கலாம். ஆகவே கடவுச்சொல் கேட்கப்படாததைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்வது தலைகீழான புரிதல்.

லினக்ஸின் மற்றொரு திரைச்சூழலான க்னோமின் நிலை சற்று மேம்பட்டது. அதன் நீட்சிகளுக்கான (கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்களுக்கான) அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒரு நீட்சி வெளியாகும் முன் அதன் மூலநிரலை ஒருவர் படித்துப் பார்க்கிறார். எனினும் நீட்சிகள் தனியே ஒதுக்கப்பட்ட இடத்தில் இயங்குவதில்லை. திரையை நடத்தும் முதன்மை நிரலான க்னோம் ஷெல்லுக்கு உள்ளேயே இயங்குகின்றன. திரையில் காட்சிகளைக் காட்டும் புதிய முறையான வேலண்டில் ஷெல் செயலிழந்தால், திறந்து வைத்திருந்த நிரல்களும் சேமிக்காத வேலையும் அதோடு போகும். மேலும், 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45 பதிப்பில் நீட்சிகள் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் துண்டுகளை உள்ளே எடுத்துக்கொள்ளும் முறை மாறியதால், அதற்குமுன் எழுதப்பட்ட நீட்சிகள் அனைத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. ஆர்வத்தால் ஊதியமின்றி எழுதுபவர்கள் எல்லாரும் உடனே திருத்தித் தருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

எங்கள் ஊர் வாசகசாலையில் உள்ள ஆறு கணினிகளை நான் கவனித்து வருகிறேன். விண்டோஸ் பழகியவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று, திரையின் அடியில் பணிப்பட்டையைக் கொண்டுவரும் நீட்சி ஒன்றை ஆறிலும் சேர்த்திருந்தேன். ஒரு விடுமுறை நாளில் க்னோமின் புதிய பதிப்புக்கு மாற்றினேன். மறுநாள் காலை பணிப்பட்டை எந்தக் கணினியிலும் இல்லை. தேர்வு விண்ணப்பம் நிரப்ப வந்த ஒரு பெண், "சார், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று எழுந்துவிட்டார். எந்தப் பதிப்புகளுக்கு ஏற்றது என்ற விவரம் அந்த நீட்சியோடு வரும் சிறு கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முந்தைய நாளே அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டியவன் நான்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இதில் வேறு வழியை எடுத்தது. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டது. இப்போது ஒரு நீட்சி எவற்றைத் தொடப்போகிறது என்று நிறுவும்போதே உலாவி சொல்லி, நம் இசைவைக் கேட்கிறது. நான் விரும்பிப் பயன்படுத்திய சில நீட்சிகள் அத்துடன் செத்தன என்ற வருத்தம் இன்னும் உண்டு. ஆனாலும் ஒரு தீம் கட்டளை இயக்கப்போகிறதா என்று நம்மிடம் கேட்கும் ஒரு வரியாவது டெஸ்க்டாப்பிலும் வேண்டும் என்பதே என் கருத்து.

லிப்ரே ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளின் நீட்சிகளையும் கட்டுரை ஒரு வரியில் கடந்து செல்கிறது. எழுத்துப்பிழை திருத்தும் அகராதியும், நிரல் அடங்கிய கருவிப்பட்டையும் அங்கே ஒரே வகைக் கோப்பாகத்தான் வருகின்றன. அது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு ஜிப் பொதி. பெயரின் பின்னொட்டை ஜிப் (.zip) என்று மாற்றினால் திறந்து பார்க்கலாம். உள்ளே சொற்பட்டியல் மட்டும் இருந்தால் கவலை குறைவு. பைதான் மொழியில் எழுதிய நிரல்கோப்புகளோ, கட்டளைத் தொகுப்புகளான மேக்ரோக்களோ இருந்தால் எழுதியவர் யார், கடைசியாக எப்போது திருத்தினார் என்று பார்த்த பிறகே சேர்ப்பது நல்லது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே அதே நீட்சி கிடைத்தால் அங்கிருந்து எடுப்பது மேல். அந்தப் பதிப்போடு பொருந்துமாறு அதை ஒருவர் தொகுத்திருப்பார்.

அடுத்த இணைப்பில் இவ்விவரங்களை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிட வேண்டுகிறேன். வாசகசாலையில் இப்போது இரண்டே நீட்சிகள்தான் உள்ளன. அவற்றின் பெயரும் பதிப்பெண்ணும் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் எந்தக் கணினியையும் நான் புதுப்பிப்பதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மயிலாடுதுறை