சின்னவளுக்கு எந்த சென்ட்?

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தியை என் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது காது மந்தம். ஆனால் "வேலை" என்ற சொல் மட்டும் நன்றாக விழுந்துவிட்டது. உடனே சுவாமிக்கு ஒரு விளக்கு ஏற்றச் சொன்னார். பயிற்சிக்கு மும்பைக்கே அனுப்புகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், விடுதி கிடுதி என்று பேசாதே.

முதல் சம்பளத்தில் நல்ல சென்ட் ஒன்று வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறாள், இனிப்பாகப் பழ வாசனையுடன் இருக்க வேண்டுமாம், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே "மிட்டாய் வாசனை, குழந்தைத்தனம்" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பூஜையறையில் புகைகிற சாம்பிராணியே இனிப்பு வாசனைதானே? அந்தப் பிசினை பிரெஞ்சுக்காரர்கள் காலங்காலமாக சென்ட்டில் சேர்க்கிறார்கள், வனிலாவுக்குத் துணையாக. நாம் தலையில் வைக்கிற மல்லிகையில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. திராட்சை மிட்டாய்க்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் அதுதான். இனிப்பையும் பழத்தையும் பிறந்ததிலிருந்து முகர்ந்து வளர்ந்தவர்கள் நாம். அவள் கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

திருச்சியில் நாம் வேதியியல் படித்தபோது ஆய்வுக்கூடத்தில் எஸ்டர் என்ற பழ வாசனைப் பொருளைத் தயாரித்தோமே, நினைவிருக்கிறதா? ஐசோஅமைல் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து, கந்தக அமிலம் சில துளி விட்டுச் சூடாக்கினால் கூடம் முழுக்க வாழைப்பழம் மணக்கும். இப்போது கடைகளில் பழ வாசனை என்று விற்பதெல்லாம் அந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் தோலைப் பிழிந்தால் எண்ணெய் வரும். ஆப்பிளிலும் ஸ்ட்ராபெரியிலும் பீச்சிலும் சென்ட்டுக்கு உதவுகிற எண்ணெய் வராது. அவற்றின் மணத்தை மூலக்கூறுகளை வைத்துத்தான் கட்ட வேண்டும். இது புதிதாக வந்த ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதே. பிரெஞ்சு நிறுவனமான கெர்லான் 1919இல் வெளியிட்ட மிட்சுகோ என்ற சென்ட்டில் இருக்கும் பீச் மணம் காமா அண்டெகாலாக்டோன் என்ற ஒரே பொருளிலிருந்து வந்தது. அதே நிறுவனத்தின் ஷாலிமாரில், 1925இல், வனிலா மணமுள்ள எத்தில் வனிலின் என்ற செயற்கைப் பொருள் இனிப்பைக் கொடுத்தது. நூறு ஆண்டுகள் கழித்தும் இரண்டும் விற்பனையில் இருக்கின்றன.

ஆனால் இன்றைய இனிப்பு அலை தொடங்கியது 1992இல், தியரி முக்லரின் ஏஞ்சல் என்ற சென்ட்டோடு. நட்சத்திர வடிவப் புட்டி, நீல நிறத் திரவம். அதை உருவாக்கிய ஒலிவியே கிரெஸ்ப் எத்தில் மால்ட்டால் என்ற பொருளை அதுவரை யாரும் துணியாத அளவுக்குச் சேர்த்தார். பஞ்சு மிட்டாய் வாசனை அதனுடையது. அதற்கு எதிராகப் பச்சோலியையும் தாராளமாக வைத்தார். பச்சோலி என்றால் மண்ணும் மரமும் ஈரமும் சேர்ந்த, கொஞ்சம் கசந்த மணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க அந்த இலைகளை இடையில் வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்த இனிப்பும் இந்தக் கசப்பும் மோதிக்கொள்வதுதான் ஏஞ்சலின் உயிர். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி குஜராத்தி அம்மா அதைத்தான் போடுகிறார். அவர் இறங்கிப்போய் வெகு நேரம் கழித்து லிஃப்டில் ஏறினாலும் யார் போனார்கள் என்று சொல்லிவிடலாம். குளிர் நாட்டுக்கு அது பேரழகு. ஜூன் மாத மும்பைக்கு, அதுவும் காலை ஒன்பது மணி லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டிக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏஞ்சலைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. சின்னவள் கடையில் முகர்ந்து "எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது" என்றாளே, அவள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஏஞ்சலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான இனிப்பு சென்ட்டுகள் அதே குடும்பம். மேலே எந்தப் பழத்தை வைத்தார்கள், அடியில் பச்சோலி எவ்வளவு, மரம் எவ்வளவு, கஸ்தூரி மணம் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. கடைப்பெண் காகிதப் பட்டையில் தெளித்து நீட்டும்போது முதலில் மூக்கில் ஏறுவது பழம். அது மிக வேகமாக ஆவியாகிற பகுதி. நம் ஊர் வெயிலில் சூடேறிய தோலில் கால் மணி நேரம் தாங்கினாலே அதிகம். அதற்குப் பிறகு நாள் முழுக்கக் கூட இருப்பது அடியில் இருக்கிற சர்க்கரையும் மரமும்தான். பழத்தைப் பார்த்து வாங்குகிறவள் கால் மணி நேரத்துக்குப் பணம் கொடுக்கிறாள். கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது இது ஒன்றுதான்.

இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். லாங்கோமின் லா வி எ பெல் 2012இல் வந்தது. மூன்று பேர் சேர்ந்து செய்தது: ஒலிவியே போல்ஜ், டொமினிக் ரோபியோன், ஆன் ஃபிளிப்போ. தொடக்கத்தில் பிளாக்கரன்ட் என்கிற கறுப்புச் சிறுபழமும் பேரிக்காயும். நடுவில் ஐரிஸ், மல்லிகை, ஆரஞ்சுப் பூ. அடியில் பிரலீன், வனிலா, பச்சோலி. பிரலீன் என்பது கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது அடுப்படியில் எழுமே, அந்த மணம் என்று வைத்துக்கொள். இந்த சென்ட்டைத் தூக்கி நிறுத்துவது ஐரிஸ்தான் என்பது என் கட்சி. அது பவுடர் பூசியது போன்ற ஒரு வறண்ட தன்மையைக் கொடுத்து, பாகு ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மாலை வரவேற்புக்குப் போகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. ஆனால் புடவையில் தெளிக்கக் கூடாது, பட்டில் கறை விழும். கழுத்தின் பின்புறம் ஒரு முறை போதும். தலையில் மல்லிகைச் சரம் வைத்திருக்கும் நாளில் இது வேண்டாம். இரண்டும் உரத்த குரலில் பேசும், ஒன்று மற்றதைக் கேட்க விடாது.

மல்லிகைக்குப் பொருந்துவது வேறு. மார்க் ஜேக்கப்ஸின் டெய்சி, 2007. அல்பெர்த்தோ மொரியாஸ் செய்தது. காட்டு ஸ்ட்ராபெரியும் வயலெட் இலையும் மேலே, மல்லிகை நடுவில், மென்மையான மரம் அடியில். சர்க்கரை குறைவு, பச்சை வாசனை அதிகம். சீக்கிரம் மறைந்துவிடுகிறது என்று பலரும் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நம் புழுக்கத்தில் மதியம் வரை வந்து மெல்ல விலகிக்கொள்கிற சென்ட் ஒரு வரம். கைப்பைக்குள் சின்னப் புட்டி வைத்துக்கொண்டால் மாலையில் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஆப்பிள் வடிவப் புட்டிகள் இரண்டு உண்டு, அவள் கட்டாயம் இரண்டையும் கையில் எடுத்துப் பார்ப்பாள். டி.கே.என்.ஒய். நிறுவனத்தின் பி டெலிஷியஸ், 2004, மோரிஸ் ருசெல் செய்தது. பச்சை ஆப்பிளும் வெள்ளரிக்காயும். குளித்துவிட்டு வந்த உணர்வைத் தரும், இனிப்பு என்று சொல்லவே முடியாது. நீனா ரிச்சியின் நீனா, 2006, கிரெஸ்ப்பும் ஜாக் கவாலியேவும் சேர்ந்து செய்தது. எலுமிச்சையில் தொடங்கி, ஆப்பிளைப் பாகில் தோய்த்தது போல நகர்ந்து, பிரலீனில் இறங்கும். அவள் வயதுக்கும், அவள் கேட்ட "இனிப்பு, பழம்" என்ற இரண்டு சொற்களுக்கும் நேராகப் பதில் சொல்வது இதுதான். எலுமிச்சையின் புளிப்பு ஒரு கடிவாளம். அது இருப்பதால் அலுவலகத்துக்கும் போட்டுக்கொள்ளலாம்.

இவ் சாங் லோராங்கின் பிளாக் ஓப்பியம் 2014இல் வந்தது. காப்பி வாசனை என்று சொல்லி விற்கிறார்கள். மாட்டுங்காவில் காப்பிக் கொட்டை வறுக்கும் கடை வழியாகத் தினமும் நடக்கிறவள் நான், எனக்கு அதில் வனிலாதான் முதலில் தெரிகிறது. காப்பி பின்னால், பேரிக்காய்க்கும் ஆரஞ்சுப் பூவுக்கும் நடுவில் நிற்கிறது. இரவு விருந்துக்கு நன்றாக இருக்கும், அலுவலகத்துக்குக் கனம். பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரில் 2005இல் வந்த ஃபேன்டசியை நான் ஒரு வரியில் கடந்துவிடுகிறேன்: லிச்சியும் கிவியும் கேக்கும் வெள்ளைச் சாக்லேட்டுமாக முழுக்க முழுக்க இனிப்பு, தாங்கிப் பிடிக்க அடியில் ஒன்றும் இல்லை.

இப்போது கல்லூரிப் பெண்களிடம் அதிகம் வருகிற வாசனை அரியானா கிராண்டே பெயரில் 2018இல் வந்த கிளவுட். லாவண்டர், பேரிக்காய், தேங்காய், பிரலீன், வனிலா, கஸ்தூரி மணம். பக்காரா ரூஜ் 540 என்கிற சென்ட்டோடு இதை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். அந்தப் பக்காராவை ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் பக்காரா படிகக் கண்ணாடி நிறுவனத்தின் 250ஆம் ஆண்டு நிறைவுக்காகச் செய்தார். 2015இல்தான் பொதுக் கடைகளுக்கு வந்தது. கண்ணாடியோடு தங்கம் கலந்து 540 டிகிரிக்குச் சூடாக்கினால் கிடைக்கும் சிவப்பு நிறத்துக்காக அந்த எண். அதிலும் எத்தில் மால்ட்டால் உண்டு, ஆனால் குங்குமப்பூவும் தேவதாரு மரமும் சேர்ந்து அதை வறண்ட, காற்றோட்டமான ஒன்றாக மாற்றிவிடுகின்றன. கிளவுடில் அந்த வறட்சி கிடையாது, தேங்காய்ப் பால் போன்ற வழவழப்பு இருக்கிறது. விலையைப் பார்த்தால் பக்காராவின் ஒரு புட்டிக்குக் கொடுக்கிற பணத்தில் கிளவுட் பல புட்டிகள் வாங்கலாம். முதல் சம்பளக்காரிக்குப் பக்காரா வேண்டவே வேண்டாம். கிளவுட் பிடித்திருந்தால் நிம்மதியாக வாங்கட்டும்.

கஸ்தூரி மணம் மிகுந்த இந்த வகையில் ஒன்றை அவளிடம் அழுத்திச் சொல். போட்டுக்கொண்டவளின் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். சில கஸ்தூரி மூலக்கூறுகள் சிலருக்குத் தெரிவதே இல்லை. "மறைந்துவிட்டது" என்று நினைத்து மேலும் மேலும் தெளிப்பாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி. சந்தேகம் வந்தால் இன்னொருவரைக் கேட்க வேண்டும்.

வாங்குவதற்கு இங்கே வந்த பிறகு போகலாம், அவசரப்பட வேண்டாம். பெரிய கடையில் காகிதத்தில் முகர்ந்து இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாங்காமல் வெளியே வந்துவிட வேண்டும். கிராஃபர்டு மார்க்கெட் வரை நடந்து, அப்படியே முகமது அலி சாலையில் அத்தர் கடைகளையும் பார்த்துவிட்டு, ரயிலில் ஏறி வீடு வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தக் கை அவளுக்குப் பிடித்திருக்கிறதோ அதை வாங்கட்டும். அந்த அத்தர் கடைகளில் நான் சொன்ன பெயர்களையெல்லாம் "அதே வாசனை" என்று எண்ணெயாகத் தோலா என்ற பழைய எடைக் கணக்கில் கொடுப்பார்கள். சில நன்றாகவே இருக்கும், தோலில் ஒட்டி நிற்கும். பழம் துள்ளி எழுவது மட்டும் எண்ணெயில் வராது. ஆல்கஹால்தான் அதைத் தூக்கிக்கொண்டு பறக்கும்.

என் கணிப்பைக் கேட்டால்: அலுவலகத்துக்கு நீனா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது லா வி எ பெல், அதை நான் வாங்கித் தருகிறேன். உனக்கு டெய்சி. மறுக்காதே, நீ இன்னமும் தினமும் பூ வைத்துக்கொள்கிறவள்.

எங்கள் செய்தி: கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கையெழுத்துப் போடாத வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. இந்த மழைக்காலம் முழுக்க இங்கேதான், அதனால் சின்னவள் வருவதில் எந்தத் தடையும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள். அதன் பிறகு கும்பகோணத்தில் வீடு பார்க்கலாம் என்கிறார். எனக்கு மும்பையை விட மனம் வரவில்லை, இதைப் பற்றி உன்னிடம் நேரில்தான் பேச வேண்டும்.

உன் அண்ணன் கண் அறுவைசிகிச்சை முடிந்ததா? சின்னவள் எந்தத் தேதியில், எந்த ரயிலில் வருகிறாள் என்று உடனே எழுது. தாதரிலேயே இறங்கச் சொல், நான் நடைமேடைக்கு வந்துவிடுகிறேன். அவளிடம் கொஞ்சம் வற்றல் குழம்புக்கு மணத்தக்காளி கொடுத்து அனுப்பு.

என்றும் உன்
பத்மா