பார்சிலோனாவோடு பேருந்தைத் திருப்பிவிடாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பியச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நிறுவனத்தாருக்கும், அந்தக் குழுக்களோடு உடன் வரும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவர் நடத்திய 12 நாள், ஏழு நாட்டுச் சுற்றுலாவில் நானும் என் அக்காவும் அத்தானும் சில ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தோம். யார் என்று சொல்லப் போவதில்லை. உங்கள் பயணத் திட்டங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் சொல்லவும் தேவையில்லை. பத்தாம் நாள் பார்சிலோனா. காலையில் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தை வெளியே நின்று பார்த்தல், பிறகு கட்டடக் கலைஞர் கௌடியின் பூங்கா, மாலையில் மொன்ஜுயிக் குன்றின் படிக்கட்டில் படம் எடுத்துக்கொள்ள 20 நிமிடம், இரவு இந்திய உணவகத்தில் பனீர் மசாலா, அதன்பின் ஃபிளமெங்கோ நடனம். மறுநாள் விமானம். வீட்டுக்கு வந்து, கேட்டவர்களிடமெல்லாம் "ஸ்பெயின் பார்த்தாயிற்று" என்றோம்.

பிறகு ஒரு மார்ச் மாதக் கடைசியில் நாங்கள் மூவரும் மறுபடி போனோம். காரை வாடகைக்கு எடுத்து, 11 நாள், பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட, ஸ்பெயினின் வடகிழக்குத் தன்னாட்சிப் பகுதியான காத்தலோனியாவை மட்டும் சுற்றினோம். அந்தப் பகுதியின் அரசுச் சுற்றுலாத் துறை 'கிராண்ட் டூர்' என்று ஒரு வழியை வகுத்து வைத்திருக்கிறது. பார்சிலோனாவில் தொடங்கி, தெற்கே தாரகோனா, மேற்கே லேய்தா, வடக்கே பிரனீஸ் மலை, கிழக்கே ஃபிகேரெஸ் என்று ஐந்து பகுதிகளாக 2,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி, மீண்டும் பார்சிலோனாவுக்கே கொண்டுவந்து விடுகிற வழி. முழுவதையும் 11 நாளில் பார்க்க முடியாது. நாங்கள் பாதிக்கும் குறைவாகத்தான் பார்த்தோம். பார்த்த அளவே உங்களுக்கு எழுத வைத்துவிட்டது.

முதலில் அந்தப் படிக்கட்டிலிருந்து தொடங்குகிறேன். மொன்ஜுயிக் குன்றில் நாங்கள் நின்று படம் எடுத்த படிக்கட்டுக்கு மேலே இருப்பது காத்தலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகம். பிரனீஸ் மலைக் கிராமங்களின் சிறிய கோயில்களில் 900 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய சுவரோவியங்கள் அதற்குள்ளே இருக்கின்றன. போயி பள்ளத்தாக்கில் தாவுல் என்ற ஊரின் புனித கிளெமென்ட் தேவாலயத்து ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவருக்கும் இது தெரியாது. உடன் வந்த மேலாளருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

இரண்டாம் பயணத்தில் தாவுலுக்கே போனோம். பார்சிலோனாவிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத் தூரம். கடல் மட்டத்துக்குமேல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். வழியோரத்தில் பனி இன்னும் கரையவில்லை. ஆறு அடுக்கு மணிக்கூண்டு, கல் ஓடு வேய்ந்த கூரை, உள்ளே ஒரு சிறு கூடம். 1123 டிசம்பர் 10 அன்று இந்தத் தேவாலயத்துக்குத் திருநிலைப்படுத்தும் சடங்கு நடந்ததை அங்கே தூணிலேயே எழுதிவைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டு வியாபாரிகள் இத்தகைய ஓவியங்களை விலைபேசி வாங்கத் தொடங்கினார்கள். மூர் என்ற ஊர்த் தேவாலயத்தின் ஓவியம் அப்படித்தான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தது. மற்றவையும் போய்விடும் என்று பயந்து, 1919 முதல் 1923 வரை பள்ளத்தாக்கின் ஓவியங்களைப் பெயர்த்து பார்சிலோனாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓவியத்தின்மேல் பசை தோய்த்த துணியை ஒட்டி, காய்ந்தபின் துணியை உரித்தால் வண்ணப் படலமும் அதோடு வந்துவிடும். அப்படி உரித்து, சுருட்டி, மலையிறக்கினார்கள்.

இப்போது அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் விளக்கை அணைக்கிறார்கள். வெறும் சுவரில் ஒளியால் அதே ஓவியம் கோடு கோடாக எழும்புகிறது. முதலில் கரிய கோடுகள், பிறகு நீலம், பிறகு சிவப்பு, கடைசியில் பெரிய கண்களோடு வானரசராக வீற்றிருக்கும் கிறிஸ்து. சில நிமிடங்களில் எல்லாம் மறைந்து, மீண்டும் வெறும் சுவர். வெளியே வந்த பிறகு அக்கா வெகுநேரம் பேசவில்லை. காருக்குள் ஏறிய பிறகுதான், "அன்றைக்கு அந்த வாசலிலேயே நின்றிருக்கிறோம், உள்ளே போகாமல் வந்துவிட்டோமே" என்றார். அந்தச் சொல்லுக்காகவே இந்தக் கடிதம்.

அடுத்தது ஃபிளமெங்கோ. அது ஸ்பெயினின் தெற்கே உள்ள அந்தலூசியாவின் கலை. பார்சிலோனாவில் 'உள்ளூர் உணவு' என்று நீங்கள் சேர்க்கும் பாயெயா சோறு பக்கத்து வலென்சியாவினுடையது. இரண்டும் உயர்ந்தவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் காத்தலோனியாவுக்குச் சொந்தமான நடனம் சர்தானா. பார்சிலோனாவின் பழைய பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் வார இறுதிகளில் ஆடுகிறார்கள். பைகளையும் மேலங்கிகளையும் தரையில் குவித்துவிட்டு, அந்தக் குவியலைச் சுற்றிக் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். காலடிகளை எண்ணி எண்ணி வைக்க வேண்டிய நடனம் அது. டிக்கெட் கிடையாது, வழியில் போகிறவரும் கைகோத்துச் சேரலாம். ஃபிளமெங்கோவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்டணம் வாங்கும் நீங்கள், இலவசமாகக் கிடைக்கும் இதைக் காட்டாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் எங்களுக்கு 'ஓலா', 'கிராசியாஸ்' என்று இரண்டு ஸ்பானியச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மண்ணுக்குக் காத்தலான் என்று தனி மொழி இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில், 1939 முதல் 1975 வரை, பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டிய மொழி அது. பிள்ளைக்குக் காத்தலான் பெயர் வைத்துப் பதிவுசெய்ய முடியாது. வீட்டுக்குள் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் அதையே முக்கியப் பயிற்றுமொழியாக வைத்திருக்கிறார்கள். ரிப்போல் ஊரின் ரொட்டிக்கடையில் அத்தான் "பொன் தியா" என்று காலை வணக்கம் சொன்னதும், கல்லாவில் இருந்த அம்மையார் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். தமிழ் பேசுகிற பயணிகளுக்கு இதைப் புரியவைக்க உங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "நம் ஆட்களுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் தினமும் இந்தியச் சாப்பாடு" என்பது நீங்கள் எப்போதும் சொல்கிற காரணம். அக்கா சுத்த சைவம். அவரை முன்னிறுத்தியே பதில் சொல்கிறேன்.

தாரகோனாவுக்கு வடக்கே வால்ஸ் என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் அங்கே கல்சோட் என்கிற வெங்காயம் வரும். வெங்காயத்தை ஒருமுறை விளைவித்து எடுத்து, மறுபடி நட்டு, முளைக்க முளைக்க மண்ணை அணைத்துக்கொண்டே போவார்கள். மண்ணுக்குள் இருக்கும் தண்டு வெளிச்சம் படாமல் நீண்டு வெளுத்து, பார்ப்பதற்குத் தடித்த வெங்காயத்தாள்போல் ஆகும். திராட்சைக் கொடியின் காய்ந்த சுள்ளிகளை எரித்து, அந்தத் தீச்சுவாலையில் கரியாகும்வரை சுடுகிறார்கள். சுட்டதைச் செய்தித்தாளில் சுற்றிச் சிறிது நேரம் புழுங்கவிட்டு, வளைந்த கூரை ஓட்டில் வரிசையாக அடுக்கி மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். இடக்கையால் பச்சை இலையைப் பிடித்து, வலக்கையால் கரிந்த தோலின் அடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று வரும். உள்ளே பளபளவென்று வெண்தண்டு. அதைச் சட்னியில் முக்கி, தலையை அண்ணாந்து, மேலிருந்து வாய்க்குள் இறக்க வேண்டும்.

அந்தச் சட்னி வறுத்த பாதாம், சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு, ஊறவைத்த காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர் எல்லாம் சேர்த்து அரைத்தது. மிளகாய் நிறத்துக்குத்தான், காரம் இல்லை. அக்கா ஒருவாய் வைத்துப் பார்த்து, "இது துவையல்" என்றார். 17 கல்சோட் சாப்பிட்டார், நான் எண்ணினேன். கை முழுவதும் கரி.

தக்காளியை இரண்டாக அறுத்து ரொட்டியில் அழுத்தித் தேய்த்து, எண்ணெயும் உப்பும் விட்டுத் தருகிற 'பா அம் துமாகத்', தணலில் சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காயும் குடமிளகாயும் சேர்ந்த 'எஸ்கலிவாதா', திராட்சையும் பைன் கொட்டையும் போட்டு வதக்கிய பசலைக்கீரை என்று வழியெல்லாம் அவருக்குச் சாப்பாடு கிடைத்தது. எச்சரிக்கையும் வேண்டும்: அவரைக்கொட்டைக் குழம்பிலும் முட்டைக்கோஸ் வறுவலிலும் பன்றிக்கொழுப்பு சேர்க்கிற வழக்கம் அங்கே உண்டு. கீரையிலும் சில இடங்களில் போடுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லி ஏற்பாடு செய்யத்தானே உங்களைப்போன்றவர்கள் இருக்கிறீர்கள்!

சோறு வேண்டும் என்று ஏங்குகிறவர்களை எப்ரோ ஆற்றின் கழிமுகத்துக்கு அழைத்துப் போங்கள். கண்ணுக்கெட்டியவரை நெல்வயல். நாங்கள் போனபோது வயலில் இன்னும் தண்ணீர் விடவில்லை. உழுத சேற்று நிறத்தில் காய்ந்து கிடந்தது, வாய்க்கால்கள் மட்டும் ஓடின. ஆற்றின் மேலே கட்டிய அணைகள் வண்டலைத் தடுத்துக்கொள்வதால் கழிமுகம் மெலிந்துகொண்டே வருகிறது, கடல் உள்ளே வருகிறது. 2020 ஜனவரியில் குளோரியா புயல் கடல்நீரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உள்ளே தள்ளி வயல்களை மூழ்கடித்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பயணி ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், அந்த இடத்தில் வழிகாட்டி எதையும் விளக்க வேண்டியிருக்காது.

வால்ஸ் மனிதக் கோபுரங்களுக்கும் தாயூர். 'கஸ்தேல்' என்கிறார்கள், 2010இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. அவர்களுடைய திருவிழாப் பருவம் கோடையிலிருந்து இலையுதிர்காலம் வரை. நாங்கள் ஓர் ஒத்திகையைத்தான் பார்த்தோம். ஒருவர் நீளமான கறுப்புத் துணியின் முனையை இறுக்கிப் பிடித்திருக்க, மற்றவர் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்து அதை இடுப்பில் வரிந்துகொள்கிறார். முதுகுக்குத் தாங்கல், மேலே ஏறுகிறவருக்குக் காலூன்ற இடம். அடியில் நூறு கைகள் நெருங்கி நிற்க, உச்சிக்கு ஏறுகிற குழந்தை தலைக்கவசத்தோடு அந்த இடுப்புத்துணிகளில் கால் வைத்து ஏறிய வேகத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பேருந்து நிறைய ஆட்களைக் கொண்டுபோய் இறக்கத் தகுந்த இடம் அது. அவர்களுக்கு ஆள்கூட்டம் பிடிக்கும்.

இன்னும் இருக்கிறது. கடலைப் பார்த்து நிற்கும் தாரகோனாவின் ரோமானிய அரங்கு, பழைய அரகோன் நாட்டு அரசர்கள் கல்லறைமேல் கற்சிலையாகப் படுத்திருக்கும் போப்லெட் மடம், எரிமலை வாய்க்குள் ஒரு சிறு கோயில் இருக்கும் ஒலோட் பகுதி, சாலையே இல்லாத நூரியா பள்ளத்தாக்குக்கு 1931 முதல் ஏறிக்கொண்டிருக்கும் பல்சக்கர ரயில். கொர்பேரா தெப்ரே என்ற ஊரில் மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1938இல் எப்ரோ ஆற்றங்கரைச் சண்டையில் குண்டுவீச்சில் நொறுங்கிய பழைய ஊரை, சிதைந்த தேவாலயத்தோடு, இடிபாடாகவே விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் படம் எடுத்துக்கொண்டு நிற்கவில்லை.

செலவு கூடும் என்பீர்கள். கூடும். சிறிய பேருந்து வேண்டும், 50 பேரை ஏற்றிக்கொண்டு தாவுலின் சாலையில் ஏற முடியாது. ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்க வேண்டும். ஆனால் ஏழு நாடுகளுக்கு ஓடும் பேருந்துச் செலவும் விமானச் செலவும் மிச்சமாகும். விசா அதே ஷெங்கன் விசாதான். ஏழு நாட்டுப் பெயரை விளம்பரத்தில் போட்டால்தான் ஆள் சேரும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். முதல்முறை போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். இரண்டாம் முறை போக நினைக்கிறவர்கள் இன்று நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். எங்களுக்கென்று ஒன்றும் உங்களிடம் இல்லை.

பார்சிலோனாவாசிகளும் இதைத்தான் வேறு விதமாகக் கேட்கிறார்கள். 2024 ஜூலையில் அவர்கள் வீதியில் இறங்கிச் சுற்றுலாப் பயணிகள்மேல் தண்ணீர்த் துப்பாக்கி பீய்ச்சியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாடகை எகிறிப்போன கோபம் அது. சுற்றுலா வாடகைக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பரோடு நிறுத்தப் போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது. அதே காத்தலோனியாவின் உள்பகுதியில், இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருக்கும் மலைக்கிராமங்களில், தங்கும் அறையும் சமையலறையும் ஆளுக்காகக் காத்திருக்கின்றன.

எனவே கேட்கிறேன்: காத்தலோனியாவுக்கு மட்டும் 9 அல்லது 10 நாளில் ஒரு பயணம் போடுங்கள், 20 பேருக்குமேல் வேண்டாம். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை வால்ஸில் கல்சோட் பெருவிழா நடக்கும். அதை ஒட்டி வைத்தால் நல்லது. மலைச்சாலையில் பனி பயமாக இருந்தால் மார்ச்சுக்குத் தள்ளுங்கள், கல்சோட் அப்போதும் கிடைக்கும். பார்சிலோனாவில் கடைசி நாளை வையுங்கள், மொன்ஜுயிக் படிக்கட்டில் ஏறி உள்ளே போக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆள் சேர்க்கத் தொடங்கும்போது முதல் மூன்று இடங்களை எங்களுக்கு எழுதிக்கொள்ளுங்கள். அக்கா சைவம். வால்ஸ் போகிற நாளில் மட்டும் அவருக்கு இந்தியச் சாப்பாடு சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய பயணி