நூதனுக்கு இரண்டே வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அந்தக்கால இந்திப் பட நாயகிகளைப் பற்றி வந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். புகைப்படங்கள் அருமை. ஆனால் படித்து முடித்த பிறகு மனசு ஆறவில்லை. மதுபாலா யாரைக் காதலித்தார், நர்கிஸ் யாரை விட்டு விலகினார், மீனா குமாரி எவ்வளவு குடித்தார் என்பதிலேயே முக்கால்வாசி இடம் போய்விட்டது. நூதனுக்கு இரண்டே வரி. லலிதா பவார் பெயரே இல்லை. இவர்கள் கேமரா முன்னால் நின்று என்னதான் செய்தார்கள் என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை.

நான் சென்னையில் ஒரு தியேட்டரில் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தத் தியேட்டரை இடித்து வெகுநாள் ஆகிறது. ஞாயிறு காலைக் காட்சிக்குப் பழைய இந்திப் படங்கள் போடுவோம். சௌகார்பேட்டைப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். எனக்கு இந்தி தெரியாது. 1965-ல் மாணவனாக ஊர்வலம் போனவன் நான். அந்த விஷயத்தில் இன்றைக்கும் என் கருத்து மாறவில்லை. அது வேறு, இது வேறு.

மொழி தெரியாதது ஒருபுறம். கேபினுக்குள் மெஷின் ஓடுகிற சத்தத்தில் வசனமும் பாதிதான் காதில் விழும். ஆனால் கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்க முடியாது. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரிபண்ண வேண்டும். ரீல் முடியும் முன் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், அதைக் கவனித்து அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். ஆக, சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக எனக்குக் கிடைத்ததெல்லாம் இவர்களுடைய முகமும் கையும் நடையும்தான். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இயக்குநர் பிமல் ராயின் 'சுஜாதா' 1959-ல் வந்தது. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்து, பிராமணக் குடும்பத்தில் வளரும் பெண்ணாக நூதன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்று பேசி வைத்த சுனில் தத் இவரை விரும்புகிறார். ஒரு கட்டத்தில் அவர் தொலைபேசியில் பாடுகிறார், இவர் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்கிறார். தலத் மஹ்மூத் குரல், எஸ்.டி.பர்மன் இசை. பாட்டு முழுவதும் நூதனுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. நடனம் இல்லை, தோட்டம் இல்லை, மரத்தைச் சுற்றுவது இல்லை. கையில் ரிசீவர், அவ்வளவுதான். அந்த முகத்தில் சந்தோஷம் வருகிறது. வந்ததும், இது எனக்குக் கிடைக்கக் கூடியதா என்ற பயம் அதை அமுக்குகிறது. கண் நிறைகிறது. அழுகிறாரா என்றால், அழுகை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பாட்டின் ஒரு வரிகூடப் புரியாமல் அதைப் பார்த்து நானும் கண் கலங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வருகிற பிரிண்டெல்லாம் பல ஊர் சுற்றித் தேய்ந்து வரும். படம் போடுவதற்கு முன் ரீவைண்டரில் சுற்றி, ஃபிலிமின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, கிழிசல் இருந்தால் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போடும்போது ஃபிலிமை பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்ப்போம். ஒரு விநாடிக்கு 24 பிரேம். சாதாரணமாகப் பக்கத்துப் பக்கத்துப் பிரேம்களைப் பார்த்தால் ஒரே படம் மாதிரிதான் தெரியும். அந்தத் தொலைபேசிக் காட்சியில் ஓர் இடத்தில் பிலிம் அறுந்து வந்திருந்தது. நூதனின் முகத்தைப் பிரேம் பிரேமாகப் பார்க்க எனக்கு அப்போதுதான் வாய்த்தது. இமை தாழ்கிறது, உதட்டோரம் இறுகுகிறது, பிறகு விடுகிறது. எதுவும் முழுசாக வெளியே வருவதில்லை. வந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் அங்கே நடிப்பு. ஒட்டுப் போட்டால் இரண்டொரு பிரேம் போய்விடும். வெட்டக் கை வரவில்லை. ஆனாலும் வெட்டித்தான் ஒட்டினேன்.

அதே நூதன், அதே பிமல் ராய், 1963-ல் 'பந்தினி'. கல்யாணி என்ற பெண் ஒரு கொலை செய்ய முடிவெடுக்கும் இடம். அக்கம்பக்கத்தில் எங்கோ இரும்படிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெல்டிங் வெளிச்சம் முகத்தில் விழுகிறது, மறைகிறது, மறுபடி விழுகிறது. வசனம் கிடையாது. கேமரா அந்த முகத்தை விட்டு நகர வழியில்லை, ஏனென்றால் முடிவு எடுக்கப்படுவது அங்கேதான். அந்தப் படத்துக்குச் சிறந்த நடிகை, சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்பட ஆறு ஃபிலிம்ஃபேர் விருதுகள். நூதனுக்கு மொத்தத்தில் சிறந்த நடிகைக்கான விருது ஐந்து முறை கிடைத்தது. 'சீமா'வுக்காக முதல் விருது வாங்கியபோது இருபது வயசுதான் இருக்கும். நாற்பதைத் தாண்டிய பிறகு 1978-ல் வந்த ஒரு படத்துக்காக ஐந்தாவது. இவருக்குத்தான் உங்கள் கட்டுரையில் இரண்டு வரி. காரணம் எனக்குப் புரிகிறது. கடற்படை அதிகாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, குடும்பம் நடத்தி, நடித்து, 1991-ல் புற்றுநோயால் இறந்துபோனார். எழுத வம்பு கிடைக்கவில்லை.

மீனா குமாரிக்கு வருகிறேன். அவர் குடித்தது உண்மை, 1972 மார்ச் 31-ல் நாற்பது வயதுகூட நிரம்பாமல் போனதும் உண்மை. ஆனால் 'சாஹிப் பீபி அவுர் குலாம்' படத்தில் அவர் குடிகாரியாக நடித்ததை எடுத்துக்கொண்டு, சொந்த வாழ்க்கையையே நடித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது அவருடைய தொழிலுக்குச் செய்கிற அநியாயம். நாலு வயசு, ஐந்து வயசிலிருந்து கேமரா முன்னால் நின்றவர் அவர். அந்தப் படத்தில் அவர் முகத்தை உடனே காட்டமாட்டார்கள். தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பூத்நாத் என்ற இளைஞன், அவர் பாதங்களைத்தான் முதலில் பார்ப்பான். முகம் பிறகுதான். அந்த முகத்துக்காகக் காத்திருக்க வைத்துவிட்டு, வந்ததும் ஏமாற்றாமல் இருப்பது எத்தனை பேரால் முடியும்? கணவன் வேறு இடம் தேடிப் போகாமல் இருக்க வேண்டுமே என்று மதுவைத் தொடுகிற பெண், கொஞ்சம் கொஞ்சமாக அது இல்லாமல் முடியாது என்ற நிலைக்கு வருகிறாள். அந்தப் படி இறங்குதலை அளந்து அளந்து செய்திருக்கிறார். போதையில் இருக்கிறவரால் இப்படி அளக்க முடியாது.

1951-ல் நடந்த கார் விபத்தில் அவருடைய இடது கைச் சுண்டுவிரல் சிதைந்துபோனது. அதற்குப் பிறகு வந்த படங்களில் அந்தக் கையைப் புடவைத் தலைப்பிலோ துப்பட்டாவிலோ மறைத்தபடியே நடித்தார். இதை யாரோ சொல்லி நான் கேட்டபோது நம்பவில்லை. அடுத்து அவர் படம் வந்தபோது கையை மட்டும் பார்த்தேன். உண்மைதான். முந்தானையை இழுத்துப் பிடிப்பார், அது நாணமாகத் தெரியும். தலைப்பைக் கையில் சுருட்டிக்கொள்வார், அது தவிப்பாகத் தெரியும். மறைக்க வேண்டிய கட்டாயத்தையே பாத்திரத்தின் பழக்கமாக மாற்றி வைத்திருக்கிறார். 1963-ல் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் போட்டியில் இடம்பெற்ற மூன்று படங்களுமே அவருடையவை. அதில் ஒன்று நம் 'களத்தூர் கண்ணம்மா'வின் இந்தி வடிவம், அதே ஏவி.எம்., அதே பீம்சிங். சாவித்திரி செய்ததை இவர் எப்படிச் செய்தார் என்று ஒப்பிட்டு யாராவது எழுதியிருந்தால், அதைப் படிக்கக் காலையில் முதல் ஆளாகக் கடைக்குப் போயிருப்பேன்.

இப்படிக் குறையையே நடிப்பாக மாற்றியவர்களைப் பற்றிப் பேசும்போது லலிதா பவாரை விடக் கூடாது. தூர்தர்ஷன் ராமாயணத்தில் மந்தரையாக வந்தாரே, அவர்தான். நாயகியாக நடித்துக்கொண்டிருந்தவர். 1942-ல் ஒரு காட்சியில் உடன் நடித்தவர் கன்னத்தில் அறைந்தது பலமாகப் பட்டு, முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்தது. இடது கண் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்து, அந்தச் சுருங்கிய கண்ணை வைத்துக்கொண்டே கொடுமைக்கார மாமியாராக ஊரையே நடுங்க வைத்தார். அதே கண்ணோடு 1959-ல் 'அனாடி'யில் திட்டிக்கொண்டே பாசம் காட்டும் வீட்டுக்காரம்மா. அதற்குத் துணை நடிகை விருது. இரண்டு பக்கக் கட்டுரையில் இவருக்கு ஒரு மூலைகூடவா இல்லை?

மதுபாலா என்றால் உடனே சங்கிலியில் கட்டுண்ட அனார்கலி. சரி, 'முகல்-ஏ-ஆசம்' பெரிய படம்தான், 'அக்பர்' என்று தமிழிலும் வந்தது. ஆனால் அவருடைய நகைச்சுவையை யார் எழுதுகிறார்கள்? 1958-ல் வந்த 'சல்தி கா நாம் காடி'யில் மழையில் நனைந்து, நின்றுபோன காரோடு ராத்திரி வேளையில் கராஜுக்கு வருவார். கிஷோர் குமார் ஸ்பேனரும் கையுமாகப் பாடிக் கேலி செய்வார். இவர் கோபத்தைக் காட்ட வேண்டும், உள்ளுக்குள் சிரிப்பு முட்டுவதையும் நமக்குத் தெரியப்படுத்த வேண்டும். இரண்டும் ஒரே முகத்தில். அவர் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. 1954-ல் வாசனின் இந்திப் படத்துக்காக இங்கே நம் சென்னைக்கு வந்திருந்தபோதுதான் படப்பிடிப்பில் ரத்த வாந்தி எடுத்தார். இப்போது சொன்ன காரும் கராஜும், அனார்கலியும், எல்லாமே அதற்குப் பிறகு செய்தவை. நோயைப் பற்றி எழுதினால் இதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

நர்கிஸுக்கு ஒரே ஒரு விஷயம். 'மதர் இந்தியா' தொடங்கும்போதே ஒரு கிழவி மண்கட்டியை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பாள். அந்தக் கிழவிக்கு அப்போது முப்பது வயசு ஆகவில்லை. மகனாக வருகிற சுனில் தத்தும் அவரும் பிறந்தது 1929 ஜூன் மாதம், ஒரே வாரத்தில். சம வயசுக்காரரை மகன் என்று நம்ப வைத்தார், நாம் நம்பினோம். காதல் கதை எழுதுகிறவர்கள் இதை எழுதலாமே.

நம் ஊர்க்காரர்கள் இருவரை மட்டும் கட்டுரை கொஞ்சம் நன்றாகவே நடத்தியிருக்கிறது, நன்றி. செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரெஹ்மான், 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடிய பெண், பம்பாய் போனதும் பெயரை மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். 'கைடு' படத்தில் பாம்பாட்டிகள் நடுவில் அவர் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தால், ஆட்டம் எங்கே முடிந்து அந்தப் பெண்ணின் ஆத்திரம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜெயந்திமாலா 'தேவதாஸ்' படத்துக்குத் துணை நடிகை விருது கொடுத்தபோது, என் பாத்திரம் துணைப் பாத்திரம் இல்லை என்று வாங்க மறுத்தவர். 'கங்கா ஜமுனா'வில் அவர் பேசுவது உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பேச்சு. எங்கள் தியேட்டருக்கு வாடிக்கையாக வரும் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இந்தப் பெண் மெட்ராஸ்காரி என்றதும் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். மேனேஜர் வந்து சொன்ன பிறகும் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார்.

ஆசிரியர் அவர்களே, பிப்ரவரியில் மூன்று நினைவு நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. 21 நூதன், 23 மதுபாலா, 24 லலிதா பவார். அந்த வாரத்து இணைப்பில் இன்னொரு கட்டுரை போடுங்கள். எழுதுகிறவர் இவர்கள் படத்தில் ஆளுக்கொரு காட்சியை முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும், அப்புறம் எழுதட்டும். லலிதா பவாருக்கு மற்றவர்கள் அளவுக்கே பெரிய படமாகப் போடுங்கள், இடது கண் தெரிகிற படமாக. ஃபிலிம், ரீல் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் உங்கள் நிருபரை அனுப்புங்கள். முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், பகலில் எப்போதும் வீட்டில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
சென்னை.