கைடை மூடிவிட்டுத் திருபுவனைக்கு பஸ் ஏறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செமஸ்டர் தேர்வு நெருங்கினாலே புத்தகக் கடைகளில் கைடு வாங்கக் கூட்டம் கூடிவிடும். நுண்கலை படிக்கிற பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. செய்முறையில் வெளுத்து வாங்குகிற பிள்ளைகூட, கலை வரலாறு தாள் என்றதும் கைடைத் தேடி ஓடுகிறது. நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். எங்கள் தெருப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் தாளுக்குப் படிக்க என்னிடம் வருவார்கள், அவர்கள் கையில் இருக்கும் கைடுகளைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கைடே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல்லவரில் மகேந்திரவர்மன், மாமல்லன், ராஜசிம்மன், அப்புறம் சோழரில் முதலாம் பராந்தகன், ராஜராஜன் என்று யாருக்குப் பின் யார், யார் எதைக் கட்டினார் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. பழைய வினாத்தாள்களும் அதில் கிடைக்கின்றன. சரி, அதற்காக வாங்கட்டும். ஆனால் தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து, இது எந்தக் காலம், எந்தப் பாணி, எதை வைத்துச் சொல்கிறாய் என்றல்லவா கேட்கிறார்கள்? அங்கே மனப்பாடம் செய்த பத்து மதிப்பெண் விடை எப்படிக் கைகொடுக்கும்?

கைடில் இருக்கிற படங்களோ முகம் எது கை எது என்று தெரியாத அளவுக்கு மை அப்பிக் கிடக்கின்றன. ஒரு கைடில் நடராசர் படம் இடவலம் மாறியே அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துப் படித்த பிள்ளை, சிதம்பரம் நடராசர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார் என்று எழுதியிருந்தாள். தூக்கியிருப்பது இடது கால். வலது காலைத் தூக்கி ஆடுவது மதுரை வெள்ளியம்பலத்து நடராசர். உடுக்கை எந்தக் கை, நெருப்பு எந்தக் கை என்பதும் அந்தப் படத்தால் மாறிப்போயிற்று. சிதம்பரம் எங்கோ வடக்கேயா இருக்கிறது? பக்கத்துக் கடலூர் மாவட்டம். அந்தக் கோபுர வாசல்களில் நாட்டிய நிலைகளான 108 கரணங்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அதையும் பிள்ளைகள் கைடில் ஒரு வரியாகத்தான் படிக்கிறார்கள்.

இதில் என் மனசுக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. தென்னிந்தியக் கோயில்களைக் கட்டட உறுப்புகளை வைத்தே காலம் பிரிக்கும் முறையை விரிவாக வகுத்துக் காட்டியவர் ழுவோ துப்ரேய், நம் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர். 1914-இல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். கோயில் கோயிலாகப் போய்த் தூணையும், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையையும், கூரை விளிம்பில் குதிரை லாட வடிவில் இருக்கும் அலங்கார வளைவான கூட்டையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார். பல்லவர் கோயிலில் கூட்டின் உச்சி மண்வாரி போலத் தட்டையாக இருக்கும், சோழர் காலத்தில் அதே இடத்தில் சிங்கமுகம் வந்துவிடும். இன்றைக்குக் கைடுகளில் 'வேறுபாடுகள்' என்று இரண்டு பத்தியாக அச்சடித்திருப்பதெல்லாம் இப்படிக் கண்ணால் பார்த்துத் தேறியவைதான். அவர் வாழ்ந்த ஊரிலேயே இருந்துகொண்டு, ஒரு கூட்டைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் நம் பிள்ளைகள் அந்தப் பத்தியை உருப்போடுகிறார்கள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் திருபுவனை வந்துவிடும். அங்கே இருக்கும் பெருமாள் கோயில் முதலாம் பராந்தகன் காலத்தது. பாகூர் மூலநாதர் கோயிலும் சோழர் காலம்தான். அந்த ஊரில் பல்லவர் காலத்திலேயே வித்யாஸ்தானம், அதாவது கல்விக்கூடம், இருந்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. ஒரு அரை நாள் போதும். கைடையும் ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போங்கள், போதிகை எப்படி வெட்டியிருக்கிறது, கூட்டின் உச்சியில் என்ன இருக்கிறது என்று முதலில் வரைந்து பாருங்கள், நீங்கள் வரையத் தெரிந்த பிள்ளைகள், அதைவிட என்ன வேண்டும். வரைந்த பிறகு கைடைத் திறந்து அதிலுள்ள பட்டியலோடு சரிபாருங்கள். இன்னும் கொஞ்சம் தூரம் போக முடிந்தால் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டு வைத்த குடைவரை அது. மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படிக்கிறார்களே, அந்தத் தூண் அங்கேயே நிற்கிறது. அதைச் சுற்றிவந்து ஒரு தரம் வரைந்துவிட்டால் தேர்வு ஹாலில் மறக்காது. விடையிலும் சின்னதாக ஒரு படம் போட்டுக் காட்டலாம்.

படிப்பு விடுமுறையில் கோயிலுக்கு ஏன் சுற்றுகிறாய் என்று பெற்றோர் திட்ட வேண்டாம். இந்தத் தாளுக்கு அதுதான் படிப்பு.

கைடு போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். படத்தின் அடியில் ஊரையும் காலத்தையும் போடுங்கள், இடவலம் சரியா என்று யாராவது தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அரிக்கமேட்டுப் பொருட்களும் இருக்கின்றன. தேர்வு மாதங்களில் மாணவர்கள் உட்கார்ந்து வரைவதற்கென்று சில மணி நேரம் ஒதுக்கினால் பெரிய உதவியாக இருக்கும். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சிற்பப் படம், நம் சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து, பளிச்சென்று தெரியும்படி போட்டு, இது எந்தக் காலம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டு, அடுத்த வாரம் விடையை விளக்கத்தோடு கொடுக்க முடியுமா? படங்களைத் தேர்ந்தெடுத்துக் கேள்வி எழுதித் தர நான் தயார், சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.