தோல் இருக்கையா, துணி இருக்கையா?

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவில், ஹூஸ்டனில் நீ வாங்க நினைக்கும் இரண்டு பழைய கார்களின் படங்கள் வந்தன. 2007 ஹோண்டா அக்கார்டில் தோல் இருக்கை, சன்ரூஃப், பளபளக்கும் அலாய் வீல். 2009 அக்கார்டில் துணி இருக்கை, சாதாரண ரேடியோ. உன் மனம் எதில் விழுந்திருக்கிறது என்பது முதல் வண்டிக்கு மட்டும் அத்தனை படங்கள் எடுத்ததிலேயே தெரிகிறது. ஒர்க்‌ஷாப்பிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், 2009ஐப் பார்.

இரண்டும் 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பெல்ட்டை அவ்வப்போது மாற்றும் செலவு உனக்கு வராது. ஏபிஎஸ், பக்கவாட்டு ஏர்பேக் இரண்டிலும் உண்டு. ஆனால் மழையில் வண்டி வழுக்கும்போது வேண்டிய சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், 2007இல் ஆறு சிலிண்டர் வண்டிக்குத்தான் கிடைத்தது. 2008 முதல் எல்லா அக்கார்டிலும் வைத்தார்கள். வேறு வண்டி மோதாமல், தானே தடம் புரண்டு உயிர் போகும் விபத்துகளை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. சன்ரூஃப் இதில் எதைச் செய்யும்?

மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்பார் விற்பவர். 2011 மாடலிலிருந்து அந்தச் சோதனையையே கடுமையாக்கிவிட்டார்கள். பழைய நட்சத்திரத்தை இன்றைய வண்டியின் நட்சத்திரத்தோடு சேர்த்து எண்ணாதே.

இனிச் சொல்வதுதான் முக்கியம். டக்காட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக் விவகாரம் உனக்குத் தெரிந்திருக்கும். உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் வெடித்து உலோகத் துண்டுகளை ஓட்டுபவர் மேல் வீசியது. அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஹூஸ்டன் காற்று நம் தூத்துக்குடிக் காற்றைப் போலத்தான், புழுக்கமும் ஈரமும். அந்த ஆண்டுகளின் அக்கார்டுகள் பல, ஏர்பேக்கை மாற்றித் தரக் கம்பெனியால் திரும்ப அழைக்கப்பட்டவை. 2009 என்பதால் தப்பித்தோம் என்று நினைக்காதே. ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் அடியில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் இருக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் (NHTSA) இணையதளத்தில் அதை இட்டால், மாற்றாத பாகம் இருக்கிறதா என்று காட்டிவிடும். இருந்தால் டீலர் இலவசமாக மாற்ற வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் பார்.

அடுத்தது வெள்ளம். 2017இல் ஹார்வி புயலில் அங்கே லட்சக்கணக்கான வண்டிகள் மூழ்கின. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து வந்த சில வண்டிகளை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். வெளியே மினுமினுக்கும், உள்ளே வயர் முனைகளெல்லாம் பச்சை பூத்திருக்கும். நீ தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் வண்டல் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடு.

டெக்சாஸில் 2025 முதல் சொந்த வண்டிகளுக்கான பாதுகாப்புப் பரிசோதனையையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டு. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போ. அந்த 2009 எஞ்சினில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நொடி கரகரவென்று சத்தம் வருவதுண்டு. எஞ்சின் ஆயிலை அதிகம் குடிக்கும் என்ற பெயரும் உண்டு. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை நீயே இழுத்துப் பார்.

அடையாள எண்ணை எனக்கும் அனுப்பு. விலையை மட்டும் நீ பேசாதே, அம்மா வீடியோவில் வந்து பேசுகிறேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா