இன்குபேட்டர் பழுது: ஏழாவது முறையாகச் சொல்கிறேன்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேரில் ஆறு பேரிடம் இதே கதையைச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். பில், வீடியோ எல்லாம் உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

பாம்பு முட்டை பொரிக்க ஜனவரியில் வாங்கிய மெஷின். உள்ளே இருக்கும் சூட்டை அளக்கிற சென்சார்தான் கோளாறு. ஈ-2 என்ற பிழைக் குறியீடு வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். திரையில் 31.5 டிகிரி, நான் உள்ளே தனியாக வைத்த தெர்மாமீட்டரில் 37. நான் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பின் முட்டை 31, 32 டிகிரிக்குள் 60 நாள் போல இருக்க வேண்டும். இருபதாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓட்டுக்குள் சிவப்பு சிவப்பாய் நரம்பு ஓடியது, குட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். காலையில் ஒன்றுமே இல்லை. மூன்று நாளில் ஆறு முட்டையும் மஞ்சளடித்து, குழிந்து, வாடை எடுத்துவிட்டது.

மெஷினோடு வரச் சொன்னீர்கள். பெரம்பூரிலிருந்து கிண்டிக்கு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டெக்னீஷியன் லீவாம். மறுவாரம் திரும்ப வந்தால், "இது அம்பத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போகணும்" என்கிறார்கள். அம்பத்தூர் எனக்குப் பக்கத்தில்தானே சார் இருக்கிறது! முதல் நாளே சொன்னால் என்ன?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கவுண்டரில் இருந்தவர், "பாம்பு முட்டைக்கெல்லாம் வாரண்டி கிடையாது, வனத்துறைக்குச் சொல்லட்டுமா?" என்றார். பத்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் பதிய வேண்டும் என்று 2024-ல் விதி வந்ததும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறைப்படி பதிந்தவன் நான். குட்டி பொரித்தாலும், செத்தாலும், யாருக்காவது கொடுத்தாலும் தகவல் தருகிறேன். திருடனைப்போல் நிற்க வைத்துப் பேச அவர் யார்? ஊர்வன முட்டைக்கும் ஏற்றது என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்ததே நீங்கள்தான்.

பாங்காக்கிலிருந்து பாம்புகளைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிற செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். பிடிபடாமல் தப்பி வருவதுதான் முறைப்படி வளர்த்து விற்கிற எங்கள் பாம்பு விலையை அடிமாட்டு விலையாக்குகிறது. பாம்புக்குத் தீனியான எலி விலை ஏறிவிட்டது. கரண்டு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி எகிறுகிறது. அந்த ஆறு குட்டிகளை நம்பித்தான் இந்த வருஷத்தையே ஓட்ட இருந்தேன். தாய்ப்பாம்பு வருஷத்துக்கு ஒரு முறைதான் இடும், சில வருஷம் இடவே இடாது. மூன்று வருஷம் வளர்த்த உழைப்பையும் சேர்த்தால் எனக்கு மூன்று லட்சம் நஷ்டம். என் பிழைப்பையே அழித்துவிட்டீர்கள்.

சரி, சண்டை போட எழுதவில்லை. தயவுசெய்து மெஷின் பணத்தையும் முட்டைக்கு நஷ்ட ஈட்டையும் வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள். அந்தக் கவுண்டர்காரர் என்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் போகும், அப்புறம் நுகர்வோர் நீதிமன்றம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணமே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மெஷின் என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை நான் தூக்கிக்கொண்டு வரமாட்டேன்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாடிக்கையாளர்